சாயக்காரி பார்த்த நிறம்

சாயப்பட்டறையை விட்டு வந்து பதினோரு வருஷமாகியும் அவளைச் சாயக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். படகுத்துறைக்குப் போகும் சாலையில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். கட்டிய புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார். கோபம் வந்தால் மட்டும் "ஆபீசரம்மா" என்பார்.

பட்டறையில் அவளுக்கு நிறம் பார்க்கிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய துண்டுத் துணியை ஒரு கையிலும், தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த நூலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வடக்கு ஜன்னலடியில் நிற்பாள். "இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்பாள். அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் அவள் சொன்ன பிறகு மேஸ்திரி மறுபேச்சு பேசியதில்லை. வெளுத்திருந்தால் சாயம் பிடிக்கவில்லை, பளிச்சென்றிருந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது. பதினாறு வருஷத்தில் அவள் கண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட பாடம் அது.

பட்டறையை மூடிய வருஷம்தான் கல்யாணம் நடந்தது. இரண்டு பேருக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவர் படகுக்காரர், நல்ல முக்குளிப்பவர், அதைவிட நல்ல வாயாடி. வாலிபத்தில் பத்து வருஷம் கடலுக்கடியில் கடப்பாரை போட்டுப் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புச் சூளைக்கு ஏற்றி அனுப்பியவர். அரசாங்கம் அதைத் தடை செய்த பிறகு மீன்பிடிக்கப் போனார். பாறை போன இடத்தில் மீனும் போயிருந்தது. "நானே என் அடுப்பை உடைச்சுட்டுச் சோறு எங்கேன்னு கேட்டவன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

கடற்கரை ஓரத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தபோது படகோட்ட அவரைத்தான் கூப்பிட்டார்கள். நிலையத்தை நடத்தியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மேடம். செத்துக்கொண்டிருக்கும் பாறைக்குப் பக்கத்தில் பவள நாற்றங்கால் போடுவதுதான் அவர் வேலை. பிளாஸ்டிக் குழாய்களை ஏணி மாதிரி பிணைத்து, ஒவ்வொரு படியிலும் விரல் நீளப் பவளத் துண்டுகளை நைலான் நூலால் கட்டி, மிதவையில் தொங்கவிட வேண்டும். இரண்டு ஆள் ஆழத்தில் நாற்பது ஏணிகள். ஏணிக்கு இருபத்தெட்டுத் துண்டு. இரண்டு வருஷம் வளர்ந்தால் எடுத்துப் பாறையில் ஒட்டலாம்.

வாரா வாரம் அந்தத் துண்டுகளின் நிறத்தைக் குறிக்க வேண்டும். அதற்கென்று ஓர் அட்டை உண்டு. வெள்ளையில் ஆரம்பித்துக் கருஞ்சிவப்புப் பழுப்பு வரை ஆறு கட்டம். ஒன்று என்றால் வெளுத்துப்போனது, ஆறு என்றால் நல்ல ஆரோக்கியம். படித்தவர்கள் மூன்று பேர் ஒரே துண்டைப் பார்த்து மூன்று எண் சொன்னார்கள். மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது படகுக்காரர், தன் வீட்டுக்காரியின் கண் தராசு மாதிரி, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவளை அழைத்துப் போய் நிறுத்தினார்கள். பன்னிரண்டு துண்டுக்கும் அவள் மெல்லிய குரலில் எண் சொன்னாள். மேடம் பக்கத்து அறைக்குப் போய் ஏதோ கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுங்க" என்றார்.

அப்படித்தான் சாயக்காரி கடலுக்கு வந்தாள். நீந்தத் தெரியாது. படகின் விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து, அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். கீழே அவர் மூழ்கி ஏணியருகே அட்டையை நீட்டுவார். அவள் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். அவர் மூச்சு வாங்க மேலே வருவார்.

"எத்தனை போட்டீங்க ஆபீசரம்மா?"

"அஞ்சு."

"எல்லாத்துக்கும் அஞ்சுதானா? தாராளமா ஆறு போடேன், என்ன உன் கைக்காசா போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆறு போட மாட்டாள். ஒன்றரை வருஷத்தில் அவள் எதற்கும் ஆறு போட்டதில்லை.

விதி ஒன்றுதான். எண் இரண்டு குறைந்தால் உடனே மேடத்தைக் கூப்பிட வேண்டும். கடல் சூடாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஏணிகளின் கயிற்றை நீட்டிப் பக்கத்திலிருந்த பள்ளத்தில், குளிர்ந்த தண்ணீர் இருக்கும் ஆழத்துக்கு, இறக்கிவிட வேண்டும். காரணமில்லாமல் இறக்கவும் கூடாது. வெளிச்சம் குறைந்தால் துண்டுகள் வாடும். சூட்டை அளக்க ஏணியில் பொத்தான் அளவில் ஒரு கருவி கட்டியிருந்தது. ஆனால் அதை மேடத்தின் கணினியில் சொருகினால்தான் பேசும். மாதம் ஒருமுறைதான் சொருகுவார்கள். மற்ற நாளெல்லாம் நாற்றங்காலுக்குச் சாயக்காரியின் கண்தான் காவல்.

நாத்தனாருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. படகுக்காரரின் அக்கா, நாலு வீடு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். "தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லுக்கு நிறம் பார்க்கிற உத்தியோகம் எங்க குடும்பத்துக்குத்தான் கிடைச்சிருக்கு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சாயக்காரி பதில் பேசமாட்டாள். காஜா எடுக்கக் கொடுத்த சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்தக் கோடையில் காற்று நின்றுபோனது. மூன்று வாரம் கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. மேடம் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். போகும்போது, சனிக்கிழமை நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

முதல் சனிக்கிழமை பாதி ஏணிகளில் ஐந்து நாலாகியிருந்தது. மூன்று தடவை பெட்டியை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நாலுதான். விதிப்படி இன்னும் ஒன்று குறைய வேண்டும். அந்த வாரம் முழுவதும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் அந்த நாலுதான் கண்ணில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை அமுக்கிக் குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டாள்.

கீழே ஏணிகள் எரிந்துகொண்டிருந்தன. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. ஒரு வரிசை முழுக்க நீலம், மயில் கழுத்து நீலமும் இல்லை, வானத்து நீலமும் இல்லை, உள்ளிருந்து விளக்கு வைத்தது போன்ற ஒரு நீலம். அதற்கு அடுத்தது ஊதா. ஓரத்து ஏணிகளில் கிளிப்பச்சையும், நகக்கண் மாதிரி ஒரு ரோஜா நிறமும். பட்டறையில் பதினாறு வருஷம் நின்றவள், ஒரு தடவைகூட அப்படியொரு நீலத்தை எந்தத் தொட்டியும் கொடுத்துப் பார்த்ததில்லை.

அவர் மேலே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பேயைப் பார்த்தியா?" என்றார்.

"நல்லாப் பிடிச்சிருக்குங்க," என்றாள் அவள். "எல்லாம் நல்லாப் பிடிச்சிருக்கு."

அட்டையில் அந்த நிறமெல்லாம் இல்லை. அட்டை முழுக்கப் பழுப்புதான். கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துத் தூரப் போட்டது மாதிரி இருந்தது. இவ்வளவு நிறம் ஏறியிருக்கும்போது நாலு எப்படிப் போட முடியும், ஐந்தும் போதாது. நாற்பது ஏணிக்கும் ஆறு என்று எழுதினாள்.

அவர் மட்டும் படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார். சிரிக்கவில்லை.

"சாயக்காரி, அடியிலகூடத் தண்ணி வெந்நீர் மாதிரி இருக்கு. முன்னெல்லாம் கீழ போனா பல்லு கிட்டும். எனக்கு என்னமோ சரியாப் படலை. பள்ளத்துல இறக்கிடலாமா?"

"வேணாம்."

"எதுக்கும் இறக்கிடலாமே. ஒரு நாள் வேலைதானே."

"இறக்குனா வெளிச்சம் போயிடும். நிறம் இறங்கிடும். இப்பதான் ஏறியிருக்கு." பிறகு, அவள் வாழ்க்கையில் யாரிடமும் பேசாத மாதிரி சொன்னாள், "நிறத்தைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். பத்து வருஷம் உடைத்தவனுக்குப் பவளத்தைப் பற்றி அவளிடம் என்ன பேச்சு என்று நினைத்தாரோ, இல்லை, அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று நினைத்தாரோ.

போனில் படம் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீர்மேல் வெயில் அடித்த வெள்ளைதான் விழுந்தது. நோட்டுப் பக்கத்தை மட்டும் அனுப்பினாள். மேடத்திடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் தையல் கடை வாசலில் போய் நின்றாள். கடலில் ஒன்று காட்ட வேண்டும், வருகிறீர்களா அண்ணி என்று கேட்டாள். நாத்தனார் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தானாக வந்து எதையும் கேட்கிறவள் இல்லையே என்று ஆச்சரியப்பட்டோ என்னவோ, கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். படகில் உட்கார்ந்ததிலிருந்து புலம்பல். வெயில், உப்பு, மீன் நாற்றம், தம்பி படகோட்டுகிற லட்சணம். பெட்டிக்குள் குனிந்ததும் புலம்பல் நின்றுபோனது. ரொம்ப நேரம் கழித்துத் தலையை எடுத்தாள்.

"ஏண்டி, இதையா நீ இத்தனை நாளா பார்த்துட்டிருக்கே?"

சாயக்காரி தலையாட்டினாள்.

"அழகா வச்சிருக்கேடி," என்றாள் நாத்தனார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கள் வீட்டுப் பெண் கடலுக்குள் பூந்தோட்டம் போட்டிருக்கிறாள் என்று நாத்தனார் வழியில் போனவர்களையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அக்கம்பக்கத்துப் பெண்களை மூன்று மூன்று பேராக ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சாயக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "இது ஊதா, அந்த ஓரத்துல பாருங்க, அது ரோஜா" என்று அவளே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். புதன்கிழமை திரும்பும்போது படகுக்காரர் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தார். அவள் ஏனென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லாம் வெள்ளையாக இருந்தது.

முதலில் கண்ணாடியில் வெயில் படுகிறதென்று நினைத்தாள். பெட்டியைத் திருப்பிப் பிடித்தாள். நாற்பது ஏணியும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்த மாதிரி வெள்ளை. அவர் கீழே அட்டையை நீட்டிக்கொண்டே நின்றார், மூச்சு முட்டும்வரை. அவள் எண் எழுதவில்லை. மேலே வந்தவர் அவள் கையிலிருந்த போனை வாங்கி மேடத்துக்குத் தானே பேசினார்.

மேடம் ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் வந்து இறங்கினார். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகப் படகுக்கு வந்தார். முதல் வேலையாக ஏணிகளை இறக்கினார்கள். மூன்று பேரும் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் கயிற்றை விட்டார்கள். மாலை நாலு மணிக்கு நாற்பதாவது ஏணி பள்ளத்துக்குள் போனது. சாயக்காரியின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மேடம் அதைப் பார்த்து மருந்து போட வந்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

தகரக் கூரைக்கடியில் மேடம் நோட்டைப் புரட்டினார். நாலு இருந்த பக்கம். அடுத்த பக்கம் முழுக்க ஆறு. கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"அக்கா, அன்னைக்கு எந்த நிறத்துல இருந்துச்சு?"

அவள் சொன்னாள். நீலத்தைச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. விளக்கு வைத்த மாதிரி என்றாள்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குச் சோறு போடுவது அதுதான், அந்தப் பழுப்பு நிறமும் அதனுடையதுதான். தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும். அப்போது சில பவளங்கள் வெயிலைத் தாங்கத் தங்கள் சொந்த நிறத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ளும். நீலம், ஊதா, ரோஜா. ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் குளிர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

"அப்போ அது..." என்றாள் சாயக்காரி.

"உதவி கேட்டதுதான் அக்கா."

மேடமே பேசினார். தப்பு என்னுடையது, வெளுப்பதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒளிர்வதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டும், ஒரு படத்தை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன் என்றார். கண் கலங்கியிருந்தது. சாயக்காரி அதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அவள் மனசு செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது. மூன்று மூன்று பேராக அழைத்துப் போனது. குனிந்து பார்த்து எல்லோரும் சிரித்தது. ஓரத்தில் பாருங்கள், அது ரோஜா நிறம் என்று அவள் கைகாட்டியது.

பத்து நாளில் துண்டுகளின்மேல் அழுக்குப் பச்சையாகப் பாசி படர்ந்தது. ஆயிரத்து நூற்றிருபதில் முப்பத்தொன்று உயிரோடிருந்தது. வெளியே பெரிய பாறையும் முக்கால்வாசி செத்திருந்தது. அதை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது, கடலையா கயிறு கட்டி இறக்க முடியும் என்று மேடம் சொன்னார். ஆனால் பக்கத்துக் கடற்கரையில் இதே மாதிரி இன்னொரு நாற்றங்கால் இருந்தது. அங்கே அதே வாரத்தில் ஏணிகளை ஆழத்துக்கு இறக்கியிருந்தார்கள். முக்கால்வாசி பிழைத்துவிட்டது. மேடம் போனில் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனாலும் சாயக்காரி வெளியே நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அது அவள் காதில் விழுந்துவிட்டது.

அன்று வீட்டில் அவள் தட்டைத் தொடவில்லை. படகுக்காரர் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா பாரு," என்றார். "நான் பத்து வருஷம் உடைச்சேன். ஒரு நாளைக்குப் படகு நிறைய. ஒவ்வொண்ணும் நூறு வயசு, இருநூறு வயசுன்னு மேடம் சொல்றாங்க. கடப்பாரையைப் போட்டுட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ பென்சிலால ஒரு நம்பரைத் தப்பா போட்டே. அதுக்கு இப்படிக் கிடக்கிறியே."

"நீங்க உடைக்கிறோம்னு தெரிஞ்சு உடைச்சீங்க," என்றாள் அவள். "நான் சந்தோஷப்பட்டேன்."

அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். குழாயை மூடாமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

நாத்தனாருக்கு விஷயம் எட்டியது. குத்திக்காட்டுவாள் என்று சாயக்காரி எதிர்பார்த்தாள். குத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளோ கடைக்கு வந்த சாயக்காரியிடம் காஜாச் சட்டைகளைக் கொடுத்துவிட்டு, "ஏதாவது பேசேண்டி" என்றாள், பேசத் தெரியாதவளிடம். தெருவில் ஒருத்தி, ஊரிலிருந்து தங்கை வந்திருக்கிறாள், அந்தப் பூந்தோட்டத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டபோது, நாத்தனார் நடுவில் புகுந்து, அந்தப் பருவம் முடிந்துபோயிற்று என்று அனுப்பிவைத்தாள்.

மழை விழுந்து கடல் ஆறிய பிறகு ஏணிகளைச் சுரண்டினார்கள். செத்த துண்டுகளைப் படகுக்காரர் ஒரே தட்டில் பெயர்த்தார். பழைய கை, மறக்கவில்லை. மேடம் ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மீதி நாலு மூட்டை. அந்த இடத்திலேயே கடலில் போட்டுவிடலாம், அதன்மேல் ஏதாவது வந்து உட்காரும் என்றார் மேடம். படகுக்காரர் மூட்டையைக் கவிழ்க்கப் போனபோது சாயக்காரி தடுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீருக்குள் கையை விட்டு நழுவவிட்டாள். நாலு மூட்டையும் முடிய மத்தியானமாகிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிழைத்த முப்பத்தொன்றோடு, பக்கத்து நாற்றங்காலிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகளையும் சேர்த்து மறுபடி ஏணி கட்டுவதாக முடிவானது. மேடம் புது நோட்டும் அட்டையும் கொண்டுவந்தார். இந்தத் தடவை அட்டையில் கூடுதலாக ஒரு வரிசை அச்சடித்திருந்தது. நீலம், ஊதா, ரோஜா. அச்சில் அவை மங்கலாக, ஏனோதானோவென்று இருந்தன.

சாயக்காரி நோட்டை வாங்கவில்லை.

"எனக்கு இந்த வேலை வேணாம் மேடம்."

"அக்கா, உங்க மேல தப்பில்லைன்னு எத்தனை தடவை சொல்றது? இனிமேதான் உங்களுக்குத் தெரியுமே, அந்த நிறம் வந்தா என்ன அர்த்தம்னு."

"எனக்குத் தெரியும் மேடம். என் கண்ணுக்குத் தெரியாதே." அவள் அட்டையைப் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்கே அது மறுபடி வந்தாலும் எனக்கு அழகாத்தான் இருக்கும். ஒரு நிமிஷமாவது சந்தோஷமா இருக்கும். என்னால அது முடியாது. நிறம் தெரியாதவங்க யாரையாவது வைங்க. நான் கட்டுறதுக்கு வர்றேன்."

மேடம் அவள் புருஷனைப் பார்த்தார். அவர் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மேடமே கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக் குனிந்தார். சாயக்காரி படகின் மறு ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரத்துணியில் சுற்றிவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புது ஏணியில் கட்டினாள்.

"நாலா, அஞ்சா," என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் இந்தப் பக்கம் திரும்பினார். சாயக்காரி தலையை எடுக்கவில்லை. நைலான் நூலை இரண்டு சுற்று சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

தண்ணீரிலிருந்து தலையை நீட்டிய படகுக்காரர் சாயக்காரியின் முதுகைப் பார்த்தார்.

"நாலுன்னே எழுதுங்க மேடம்," என்றார். நாலுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.